தவளைக் கை மரம்!

குட்டீஸ்... உங்கள் உள்ளங்கையை நன்றாக விரித்துப் பாருங்கள். இதே வடிவத்தில் இலை விடும் ஓர் அழகான மரம் ஜப்பான் நாட்டில் இருக்கிறது. அதன் பெயர் ஜப்பானிய மேப்பிள்!

இதன் இலையில் ஐந்து, ஏழு அல்லது ஒன்பது விரல்கள் இருக்கும். ஜப்பானியர் இதை, 'கயேதே' என்பர். பழைய ஜப்பானிய மொழியில், 'தவளையின் கை' என்று பொருள் தரும் சொல்லில் இருந்து பிறந்த பெயர் இது. சுவீடன் நாட்டு மருத்துவரும், தாவரவியல் அறிஞருமான கார்ல் பீட்டர் துன்பெர்க், 1775ல் ஜப்பானுக்குச் சென்றார். அவர் இந்த மரத்துக்கு, 'ஏசர் பல்மேட்டம்' என்று பெயர் வைத்தார். 'பல்மேட்டம்' என்றால், 'உள்ளங்கை போன்றது' என்று அர்த்தம். ஜப்பானியர் கண்ணுக்குத் தவளைக் கை. இவர் கண்ணுக்கு மனிதக் கை!

இலை வேட்டை!

கோடையில் பச்சையாக இருக்கும் இலைகள், இலையுதிர் காலம் வந்ததும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மாறிவிடும். இதைப் பார்க்க ஜப்பானியர் குடும்பம் குடும்பமாகக் கிளம்பி விடுவர். இதற்கு, 'மொமிஜிகாரி' என்று பெயர். அதாவது, சிவப்பு இலை வேட்டை! கியோட்டோ நகரில் உள்ள தோஃபுகுஜி புத்தர் கோவிலில், நவம்பர் மாதக் கடைசியில் இதற்காகவே கூட்டம் அலைமோதும்.

நிறம் எப்படி மாறுகிறது? இலைக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். குளிர்காலம் நெருங்கும்போது, பகல் நேரம் குறையும். உடனே, மரம் உணவு தயாரிப்பதை நிறுத்தத் தொடங்கும். பச்சையம் சிதைந்துவிடும். அதுவரை ஒளிந்திருந்த மஞ்சள் நிறம் வெளியே தெரியும். ஆனால், சிவப்பு ஒளிந்திருந்த நிறம் அல்ல. அது புதிதாக உருவாவது. இலையில் தங்கிய சர்க்கரையில் இருந்து, 'ஆந்தோசயனின்' என்ற நிறமி தயாராகிறது. பகலில் நல்ல வெயிலும், இரவில் குளிரும் இருந்தால் சிவப்பு இன்னும் பளிச்சிடும்.

செத்துவிட்டதா?

ஜப்பானில் வீட்டுத் தோட்டங்களிலும், தொட்டிகளிலும் இதை ஆசையாக வளர்க்கின்றனர். காலை வெயில் பட வேண்டும்; உச்சி வெயில் படக்கூடாது. சுடும் வெயிலும், அனல் காற்றும் பட்டால் இலை ஓரம் கருகிவிடும். வேர்கள் ஆழமாகப் போகாமல், மண்ணின் மேற்பகுதியிலேயே பரவும். அதனால், மண் காயவும் கூடாது. தண்ணீர் தேங்கவும் கூடாது. மரப்பட்டைத் துண்டுகளால் மூடாக்கு போட்டால், மண்ணில் ஈரம் நிற்கும்.

குளிர்காலத்தில் ஓர் இலை கூட இல்லாமல், வெறும் குச்சியாக நிற்கும். புதிதாக வளர்ப்பவர்கள், 'செத்துப் போச்சு' என்று பிடுங்கிப் போட்டுவிடுவதும் உண்டு. பாவம், அது தூங்கிக் கொண்டிருக்கும்! நகத்தால் சிறு கிளையின் பட்டையை லேசாகச் சுரண்டினால் போதும். உள்ளே பச்சையாக இருந்தால், உயிர் இருக்கிறது என்று பொருள். வசந்தத்தில் துளிர்விடும்.

விதைக்கு ஃபிரிட்ஜ்!

இதன் விதைகளுக்கு இறக்கை உண்டு. மரத்தில் இருந்து விழும்போது, ஹெலிகாப்டர் போலச் சுழன்று கொண்டே மெதுவாக இறங்கும். சுழலும் இறக்கையின் மேல் ஒரு குட்டிச் சூறாவளி உருவாகி, விதையை மேலே தாங்கிப் பிடிப்பதாக, 2009ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர். அந்த நேரத்தில் காற்று வீசினால், விதை தாய் மரத்தை விட்டுத் தூரமாகப் போய்விடும்.

விழுந்ததும் முளைத்தால், பனியில் நாற்று செத்துவிடும் அல்லவா? அதனால், நீண்ட குளிர் காலத்தைக் கடந்த பிறகுதான் விதை விழிக்கும். தோட்டக்காரர்கள் என்ன செய்கின்றனர் தெரியுமா? ஈர மணலில் விதையைக் கலந்து, மூன்று, நான்கு மாதங்கள் ஃபிரிட்ஜில் வைக்கின்றனர். 'குளிர்காலம் முடிந்தது' என்று ஏமாந்து, விதை முளைத்துவிடும்!

ஆனால், விதையில் வரும் கன்று, தாய் மரம் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. அதே ரகம்தான் வேண்டும் என்றால், நம் ஊர் ஒட்டு மாங்கன்று போல ஒட்டுக் கட்ட வேண்டும். இப்படிக் காப்பாற்றப்படும் ரகங்கள், ஆயிரத்துக்கும் மேல்! அதில் ஒன்றான, 'சங்கோ காகு' மரத்தின் கிளைகள், குளிர்காலத்தில் பவளம் போலச் சிவந்து நிற்கும்.

நல்ல குளிர்காலம் கட்டாயம் வேண்டும் என்பதால், நம் ஊர் சமவெளி வெயில் இதற்கு ஒத்துவராது. வருத்தப்படாதீர்கள் குட்டீஸ்! தெருவோரம் நிற்கும் பாதாம் மரத்தைக் கவனியுங்கள். உதிரும் முன், அதன் இலைகளும் சிவந்துவிடும். அடுத்த முறை கீழே ஒரு சிவப்பு இலையைப் பார்த்தால், குப்பை என்று மிதிக்காமல், கையில் எடுத்துப் பாருங்கள்!