இரும்புக்கை மாயாவி இப்போது எங்கே கிடைப்பார்?

நாமக்கல் கடைவீதியில் ஒரு பத்திரிகைக் கடையில் போய், "இந்த மாச லயன் காமிக்ஸ் வந்துடுச்சாங்கண்ணா?" என்று கேட்டால், கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பதற்கே வாய்ப்பு அதிகம். புத்தகம் வராமல் இல்லை. சிவகாசியிலிருந்து சேலத்துக்கு வரும் பார்சல் மதுரை, திண்டுக்கல், கரூர் தாண்டி இந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகவேண்டும். ஆனால் அது கடையில் இறங்குவதில்லை. சந்தா கட்டியவர் வீட்டு வாசலில் இறங்குகிறது.

இந்த மாற்றம் எப்படி வந்தது என்று தெரிந்தால், காமிக்ஸை அச்சில் வாங்குவதா, போனில் படிப்பதா என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

1972இல் சிவகாசியில் எம்.சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த நாயகன் 1962இல் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் பிறந்தவர். 1984 ஜூலையில் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ்.விஜயன், மாடஸ்டி பிளைசியை முன்னிறுத்தி லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஜூலையில் தினத்தந்தி குழுமம் ஜேம்ஸ் பாண்டோடு ராணி காமிக்ஸைக் கொண்டுவந்தது. இவையெல்லாம் சில்லறைக் காசுக்குக் கிடைத்த பொருள்கள். பஸ் ஏறுமுன் வாங்கி, இறங்குமுன் படித்து முடித்து, பக்கத்து வீட்டுப் பையனிடம் போய்விடும்.

ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. லயனும் முத்துவும் தள்ளாடித் தள்ளாடி வந்துகொண்டிருந்து, 2012 ஜனவரியில் வேறு உருவம் எடுத்தன: வண்ணம், ஆர்ட் பேப்பர், நூறு ரூபாய் விலை. பத்து ரூபாய்ப் புத்தகம் விற்காமல் கிடந்தால் கடைக்காரருக்குப் பெரிய நஷ்டம் கிடையாது. நூறு, இருநூறு ரூபாய்ப் புத்தகம் வெயிலில் தொங்கி மங்கினால் கையைக் கடிக்கும். பெல்ஜியத்திலும் இத்தாலியிலும் இருக்கும் உரிமையாளர்களுக்கு ராயல்டி, வண்ண அச்சு, குறைந்த பிரதிகள் என்று மூன்றும் சேரும்போது, எத்தனை பேர் வாங்குவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் பதிப்பாளரால் மூச்சுவிட முடியும். ஆண்டுச் சந்தா அதற்குத்தான். 'இரத்தப் படலம்' என்று தமிழில் பெயர் பெற்ற பெல்ஜியத் தொடரின் வண்ணத் தொகுப்பு, 2018 ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவின்போது வாசகர் கைக்கு வந்தது. முன்பதிவு செய்தவர்களை நம்பி அச்சிட்ட புத்தகம் அது.

சரி, இதையெல்லாம் ஒரு செயலியில் போட்டுவிட்டால் என்ன? கூரியரும் வேண்டாம், ஆர்ட் பேப்பரும் வேண்டாமே என்று இளைய வாசகர் கேட்பது நியாயம். சிக்கல் உரிமையில் இருக்கிறது. வெளிநாட்டுக் கதையின் உரிமையை மொத்தமாக யாரும் விற்பதில்லை. எந்த மொழி, எந்த வடிவம், எத்தனை ஆண்டு என்று பிரித்துப் பிரித்தே விற்பார்கள். தமிழில் அச்சிடும் உரிமை வாங்கியவருக்கு அதைத் திரையில் விற்கும் உரிமையும் சேர்ந்தே வந்துவிடாது. அதற்குத் தனி ஒப்பந்தம், தனிக் காசு. சில ஆயிரம் வாசகர் வட்டத்துக்குள் இரண்டு முறை காசு கட்டிக் கட்டுப்படியாக்குவது எளிதல்ல.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. பிரிட்டனின் ரெபெல்லியன் நிறுவனம் 2016இலும் 2018இலும் அந்த நாட்டுப் பழைய சித்திரக்கதைக் களஞ்சியத்தை இரண்டு தவணையாக வாங்கியது. இரும்புக்கை மாயாவியின் ஆங்கில மூலத்தையும் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. ராசிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு ஆங்கில மாயாவியை இணையத்தில் வாங்குவது, தமிழ் மாயாவியின் பழைய முத்து இதழைத் தேடிப் பிடிப்பதைவிட எளிது.

ஆனால் இணையத்தில் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தும்போது என்ன வாங்குகிறோம் என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பெரும்பாலான மின்கடைகளில் நமக்குக் கிடைப்பது படிக்கும் அனுமதி மட்டுமே. 2009 ஜூலையில், உரிமை இல்லாத ஒருவர் விற்றுவிட்டார் என்பதற்காக, ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை அமேசான் வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தது என்றாலும், விலை கொடுத்த புத்தகம் வாங்கியவரைக் கேட்காமலே போய்விட்டது. காமிக்ஸுக்கென்றே இருந்த காமிக்ஸாலஜி கடையை 2014இல் அமேசான் வாங்கி, பின்னர் அந்தச் செயலியையே கிண்டிலுக்குள் கரைத்துவிட்டது. கட்டம் கட்டமாகப் படிக்க அந்தச் செயலிக்குப் பழகியிருந்தவர்கள் புலம்பித் தீர்த்தார்கள்.

அச்சுப் பிரதி வேறு. ஒருமுறை விற்கப்பட்ட பிரதி ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்டதாகவே நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கருதுகிறது. அதை மச்சானுக்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம், பத்து வருடம் கழித்துப் பல மடங்கு விலைக்கு விற்கவும் செய்யலாம். வரியிலும் அச்சுக்குச் சலுகை உண்டு. அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அச்சிலும் வந்த நூலின் மின்வடிவத்துக்கு 18 சதவீதமாக இருந்த வரியை 2018 ஜூலையில் 5 ஆகக் குறைத்தார்கள்.

எல்லா மின்காமிக்ஸையும் ஒரே தட்டில் வைக்கவும் கூடாது. சில பதிப்பகங்கள், ரெபெல்லியன் உட்பட, பூட்டு இல்லாத கோப்பாகவே விற்கின்றன. பி.டி.எப். அல்லது சி.பி.இசட். என்று இருக்கும். இரண்டாவது, பக்கப் படங்களை வரிசையாகப் போட்டுக் கட்டிய ஒரு ஜிப் மூட்டைதான். அதை நம் கணினியில் வைத்துக்கொண்டால் கடை மூடினாலும் நமக்குக் கவலையில்லை. மின்காமிக்ஸ் வாங்கும் முன் பார்க்கவேண்டிய முதல் விஷயம், கோப்பைத் தருகிறார்களா, எட்டிப்பார்க்கும் அனுமதியை மட்டும் தருகிறார்களா என்பதே.

அடுத்தது அளவு. பிரான்ஸ், பெல்ஜியம் நாட்டு ஆல்பத்தின் பக்கம் ஏறக்குறைய 22 சென்டிமீட்டர் அகலம், 29 உயரம். போன் திரையின் அகலம் 7 சென்டிமீட்டர். பக்கம் முழுவதும் தெரியும்படி வைத்தால் படம் பரப்பளவில் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். தமிழுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பேச்சுப் பலூன்கள் பிரெஞ்சு வாக்கியத்துக்கு அளவெடுத்து வரைந்தவை. தமிழ் வாக்கியம் இடம் அதிகம் கேட்கும், அதனால் எழுத்தைச் சிறிதாக்கித்தான் உள்ளே நுழைக்க முடிகிறது. அச்சிலேயே கண்ணாடி போட்டுப் படிப்பவர், போனில் விரலால் விரித்து விரித்துக் கதையை மறந்துவிடுவார்.

கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 'கேப்டன் டைகர்' என்று தமிழில் வரும் கதைகளில் ஓவியர் ஜான் ஜிரோ அரைப் பக்கத்துக்குப் பாலைவனத்தை விரித்து வைத்திருப்பார். அதைத் துண்டுதுண்டாகப் பார்த்தால் மணல்தான் மிஞ்சும். இந்தக் குற்றத்தைப் போன் மீது மட்டும் சுமத்துவதும் சரியல்ல. பாக்கெட் சைஸ் இதழ்களின் காலத்தில் நம் பதிப்பாளர்களும் பெரிய பக்கங்களை வெட்டித்தான் அடுக்கினார்கள், நாமும் மகிழ்ச்சியாகத்தான் படித்தோம்.

இத்தாலியின் டெக்ஸ் வில்லருக்கு இந்தச் சங்கடம் குறைவு. மூலப் பக்கமே 16க்கு 21 சென்டிமீட்டர், கறுப்பு வெள்ளை, மூன்று வரிசைக் கட்டங்கள். பத்து அங்குல டேப்லெட்டில் கிட்டத்தட்ட முழு அளவில் உட்கார்ந்துகொள்ளும். கொரிய வெப்டூன்கள் போனில் மேலிருந்து கீழே தள்ளிப் படிப்பதற்கென்றே வரையப்படுபவை. அவற்றை அச்சில் போட்டால்தான் வெட்டி ஒட்டவேண்டியிருக்கும். ஆக, எந்தத் தாளுக்காக, எந்தத் திரைக்காக வரைந்தார்களோ அதில் படிப்பதே என் கட்சி.

வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றும் ஸ்கேன் கோப்புகளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. மறுபதிப்பே வராத முப்பது வருடப் பழைய இதழை யாரோ பாதுகாத்து ஸ்கேன் செய்திருந்தால் அதன் மேல் எனக்கும் இரக்கம் உண்டு, சட்டத்துக்குத்தான் இல்லை. ஆனால் போன மாதம் வந்த புத்தகத்தை ஸ்கேன் செய்து அனுப்புவது வேறு ரகம். பிரதிகள் இவ்வளவு குறைவாக அச்சாகும் துறையில் நூறு சந்தா குறைந்தாலும் ஏதாவது ஒரு தொடர் நிற்கும்.

பழைய இதழ் தேடிச் சேலத்தில் பழைய புத்தகக் கடை ஏறுகிறவர்கள், விலை பேசும் முன் நடுப்பக்கங்களைப் பார்க்கவேண்டும். பின் துருப்பிடித்து முதலில் கழன்று விழுவது அவைதான். கடைசிப் பக்கமும் முக்கியம். கொலைகாரன் யாரென்று தெரியாத துப்பறியும் கதையை வாங்கி என்ன செய்வது? மக்கிய நியூஸ்பிரிண்ட் இதழை லேமினேஷன் செய்யாமல், ஈரம் படாத அட்டைப்பெட்டியில் போட்டு வைத்தால் போதும்.

புதிதாகத் தொடங்குகிறவர் எடுத்த எடுப்பில் முழுச் சந்தா கட்டவேண்டியதில்லை. 2022இலிருந்து சேலம், நாமக்கல் என மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன. ஆகஸ்டில் ஈரோடு இருக்கவே இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு லக்கி லுக், தனக்கு ஒரு டெக்ஸ் என்று புரட்டிப் பார்த்து வாங்கலாம். பிடித்தால் பதிப்பகத்தின் இணையக் கடையில் ஒன்றிரண்டு, அப்புறம் சந்தா. கொல்லிமலை, பச்சைமலைப் பக்கம் இருப்பவர்கள் மட்டும், கூரியர் வீடு வரை வருமா, அஞ்சலில் அனுப்ப முடியுமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.