ஜலதோஷம் போயும் காது திறக்கவில்லையா?

மும்பையில் மழைக்காலம் வந்தால் ஜலதோஷமும் கூடவே வந்துவிடும். நனைந்த சட்டையோடு மின்சார ரெயிலில் நெருக்கியடித்து நிற்கும்போது, ஒருவருடைய தும்மல் பெட்டி முழுவதற்கும் பொது!

தாராவியில் ஒரே அறையில் தங்கியிருந்த இருவரின் கதை இது. இருவரும் நெல்லைச் சீமைக்காரர்கள். மூத்தவர் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. இளையவருக்குத் தோல் பட்டறையில் தையல் வேலை.

குமாஸ்தாவுக்கு ஒரு வாரம் ஜலதோஷம். மூக்கு ஒழுகுவது நின்றது. இருமலும் அடங்கியது. ஆனால் வலது காது மட்டும் பஞ்சு வைத்தாற்போல் அடைத்துக்கொண்டது. அவர் பேசுவது அவருக்கே பானைக்குள்ளிருந்து வருவது போல் கேட்டது. எச்சில் விழுங்கினால் காதுக்குள் "களுக்" என்றது. "என்ன சார், மூன்று தடவை கூப்பிட்டுவிட்டேன், காதில் விழவில்லையா?" என்று கேட்டார் பக்கத்து மேஜைக்காரர்.

யோசனை சொல்ல ஆளா இல்லை? "அண்ணாச்சி, நல்லெண்ணெயைக் காய்ச்சி ரெண்டு சொட்டு விடுங்க" என்றார் இளையவர். அடுத்த அறைக்காரர் தீக்குச்சியை நீட்டினார். சிவப்புத் தொப்பியோடு திரியும் "கான் சாப்" ஆளிடம் காட்டச் சொன்னார் இன்னொருவர்.

நல்ல வேளை, குமாஸ்தா எதையும் செய்யவில்லை. அடைப்பு அந்தப் பக்கமே இல்லை!

அடைப்பு எங்கே?

காதுத் துவாரத்தின் முடிவில் செவிப்பறை என்ற மெல்லிய சவ்வு இருக்கிறது. அதற்கு அப்பால் இருப்பது நடுச்செவி. அது காற்று நிறைந்த ஒரு சின்ன அறை. மூக்கின் பின்புறத்திலிருந்து ஒரு குழல் அந்த அறைக்குப் போகிறது. பெரியவர்களுக்கு அதன் நீளம் சுமார் 3½ சென்டிமீட்டர். 16-ம் நூற்றாண்டில் அதை விவரித்த இத்தாலிய மருத்துவர் யூஸ்டேஷியின் பெயரால் அதை யூஸ்டேஷியன் குழல் என்கிறார்கள்.

இந்தக் குழல் சாதாரணமாக மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து, உள்ளே காற்றை விடும். ஜலதோஷத்தில் மூக்கு வீங்குவது போலவே இந்தக் குழலின் உட்புறமும் வீங்கிவிடுகிறது. புதுக் காற்று போக வழியில்லை. உள்ளே இருந்த காற்றும் மெல்ல மெல்ல உடம்பில் கலந்துவிடும். அழுத்தம் குறைந்து செவிப்பறை உள்ளே இழுக்கப்படுகிறது. சிலருக்கு அங்கே நீரும் கோத்துக்கொள்ளும். இதுதான் காதடைப்பு.

வெளியிலிருந்து விடும் எண்ணெய் செவிப்பறையைத் தாண்டாது. பறையில் ஓட்டை இருந்தால் தாண்டும். அப்போது சீழ்தான் பிடிக்கும். குச்சி, ஹேர்பின் விட்டால் பறையே கிழியலாம்.

என்ன செய்யலாம்?

அடிக்கடி விழுங்குவது நல்லது. வெந்நீரை மடக்கு மடக்காகக் குடிக்கலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் விழுங்கிப் பார்க்கலாம். வாயை மூடி, மூக்கையும் பிடித்துக்கொண்டு, மிக மெதுவாகக் காற்றை ஊதுவது இன்னொரு வழி. இத்தாலிய மருத்துவர் வால்சால்வா 1704-ல் வெளியிட்ட நூலில் சொன்ன வழி இது. பலமாக ஊதக்கூடாது. மூக்கில் சளி கட்டியிருக்கும்போது ஊதவே கூடாது. சளி காதுக்குப் போய்விடும்.

மூக்கைச் சிந்தும்போது ஒரு பக்கத்தை மூடிக்கொண்டு மறுபக்கமாக மெல்லச் சிந்த வேண்டும். ஆவி பிடித்தால் மூக்குக்கு இதமாக இருக்கும். இடுக்கமான அறையில் வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூக்கடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் விட்டால், அதுவே அடைப்பை உண்டாக்கும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஜலதோஷ மாத்திரை வாங்கக்கூடாது. பல மாத்திரைகள் தூக்கம் வரவழைப்பவை. மெஷினில் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு காதும் வேண்டும். ஒரு காது அடைத்திருந்தால் ஹாரன் கேட்கும். ரெயில் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாது. தண்டவாளத்தைத் தாண்டுவது எப்போதுமே ஆபத்து. காது அடைத்தவருக்கு இரட்டை ஆபத்து. படியேறிப் பாலத்தில்தான் போக வேண்டும்.

ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கும் இது தெரிந்த தொல்லைதான். 600 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் லோணாவளாவிலிருந்து மலைப்பாதையில் ரெயில் கர்ஜத்துக்கு இறங்கும்போது, வெளிக்காற்றின் அழுத்தம் கூடும். ஜலதோஷக்காரருக்குக் காது "கம்" என்று அடைக்கும். அந்த நேரத்தில் தூங்காமல், ஒரு மிட்டாயை வாயில் போட்டு விழுங்கிக்கொண்டே வந்தால் போதும்.

குமாஸ்தாவுக்குப் பன்னிரண்டாம் நாள் காலை ஒரு கொட்டாவி வந்தது. "பட்" என்று காது திறந்தது. மருந்தும் இல்லை, மாயமும் இல்லை.

அதே அடைப்பு அல்ல!

இரண்டு மாதம் கழித்து இளையவருக்குச் சளி பிடித்தது. ஒரு நாள் காலை எழுந்தபோது இடது காது அடைத்திருந்தது. "இங்.." என்று ஓயாத இரைச்சல். லேசாகத் தலைசுற்றல். "அண்ணாச்சிக்குத் தானா சரியாச்சே, எனக்கும் ஆயிரும்" என்று இருந்துவிட்டார். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. எண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினார். பிறகு டாக்டரிடம் போனார். "இது குழல் அடைப்பு இல்லை. உட்காது நரம்பு பாதிப்பு. முதல் வாரத்திலேயே வந்திருக்க வேண்டும்" என்றார் டாக்டர். அந்தக் காது முழுதாகத் திரும்பவில்லை.

இந்தத் திடீர்ச் செவிட்டுத்தனம் காதடைப்பு போலவே வேஷம் போடும். இதற்கு ஸ்டீராய்டு மருந்து கொடுப்பது வழக்கம். சில நாட்களுக்குள் தொடங்கினால் நல்லது. இரண்டு வாரம் தாண்டினால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனக வேண்டும். அடைத்த காதில் சத்தம் பலமாகக் கேட்டால், பெரும்பாலும் அது குழல் அடைப்பு அல்லது குறும்பி. நல்ல காதில் பலமாகக் கேட்டால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். டாக்டர்கள் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதைத்தான். ஆனால் முனகல் சோதனை டாக்டருக்குப் பதிலாகாது.

யார் தாமதிக்கக் கூடாது?

காது திடீரென்று கேட்காமல் போனவர்கள் அன்றே அல்லது மறுநாளே போக வேண்டும். கடும் வலி, காய்ச்சல், சீழ், ரத்தம், தலைசுற்றல், முகம் கோணுதல் இருந்தாலும் அப்படியே. இவை எதுவும் இல்லாத வெறும் அடைப்பு, இரண்டு மூன்று வாரத்தில் திறக்காவிட்டால் காட்ட வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு காதில் மட்டும் நீர் கோத்து நீடித்தால், மூக்கின் பின்புறத்தையும் டாக்டர் பார்த்தாக வேண்டும். அங்கே கட்டி இருந்தாலும் குழல் அடைபடும்.

சயான் ஆஸ்பத்திரியிலும் பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரியிலும் காது-மூக்கு-தொண்டைப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் கேஸ் பேப்பர் எடுத்துக்கொள்ள வேண்டும். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அதைப் பயன்படுத்தலாம்.

ஒரு நாள் கூலி போனால் அடுத்த வாரம் ஓவர்டைம் செய்து சம்பாதித்துவிடலாம். போன காதைச் சம்பாதிக்க முடியாது.