தென்னங்குருத்தும் தேனீப் பெட்டியும்

சென்ற மாசியில் நம் பங்கைச் சார்ந்த ஒரு குடும்பத்தினர், தம் விளையில் வைத்திருந்த ஆறு தேனீப் பெட்டிகளுள் நான்கு ஒரே வாரத்தில் வெறுமையாகிவிட்டதைக் காட்டி வருந்தினர். அண்டை விளையின் தென்னைகளில் காண்டாமிருக வண்டு கண்டிருந்தது. பாளை விரிந்து நின்ற மரங்களின் மண்டையில் பூச்சிமருந்து தெளித்திருந்தனர். பாளையை நாடி வந்த தேனீக்கள் மாண்டன. குறை கூறுவதற்காக நாம் இதை எழுதவில்லை. தென்னை பட்டால் ஒரு வீட்டின் அடுப்பே தளர்ந்துவிடும் என்பதை அறிவோம்.

ஆயினும் இந்த வண்டு பிறக்கும் இடம் தென்னையன்று. தாய்வண்டு முட்டையிடுவது உரக்குழியிலும் மட்கும் தென்னந்தடியிலுமே. அங்கே மாதக்கணக்கில் வளரும் வெண்புழு மரத்தைத் தீண்டுவதில்லை. வளர்ந்த வண்டே இரவில் பறந்து வந்து குருத்தைத் துளைக்கிறது. ஓலை விரியும்போது கத்தரியால் நறுக்கியதுபோல் தோன்றுவது அதனாலேயே. அந்தக் காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிட்டுவிட்டால் மரமே பட்டுப்போகும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தில் சாய்த்த தென்னைகளை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அகற்றாமல் விட்ட தடி ஒவ்வொன்றும் இவ்வண்டுக்குத் தொட்டிலாகும். ஜெர்மனியின் பவேரியக் காட்டுப் பூங்காவில் 1983-இல் புயலில் விழுந்த மரங்களை வேண்டுமென்றே அப்படியே விட்டனர். பட்டை வண்டு பெருகி, நின்ற மரங்களும் ஏராளமாய்ப் பட்டன. பின்னர் இளங்காடு தானே தழைத்தது. காட்டில் அது தகும். மட்கும் மரம் அங்கே எத்தனையோ பூச்சிகளுக்கு இல்லம். பத்துத் தென்னையை நம்பி வாழ்பவர் அவ்வாறு காத்திருக்க இயலுமா? தோப்பில் கிடக்கும் தடியை அகற்றத்தான் வேண்டும்.

உரக்குழிக்கு நஞ்சு வேண்டாம். அது மண்புழுவையும் கொல்லும். மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சணத்தைக் கலந்தால் வெண்புழு நோயுற்று மடியும். இளந்தென்னையின் மட்டை இடுக்குகளில் வேப்பம்பிண்ணாக்கும் மணலும் சம அளவில் கலந்து இடலாம். சமோவாத் தீவுகளுக்கு 1909-இல், இலங்கையிலிருந்து சென்ற ரப்பர் நாற்றுகளோடு இவ்வண்டு நுழைந்தது. அங்கே அதை அடக்கப் பெரிதும் உதவியது, 1963-இல் மலேயாவில் ஹூகர் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்து, 1967-இல் சமோவாவில் பரப்பப்பட்ட ஒரு வைரஸ். அது தேனீயைத் தொடுவதில்லை.

தேனீயோ நமக்குப் புதிய உறவன்று. திருச்சி புனித வளனார் கல்லூரியின் அருட்தந்தை நியூட்டன், 1911-க்கும் 1917-க்கும் இடையில் நம் நாட்டுத் தேனீக்கு ஏற்ற பெட்டியை அமைத்துப் பலரைப் பழக்கினார். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் அதனைக் குடிசைத் தொழிலாக்கினார். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூடு நோய் பெரும்பாலான கூட்டங்களை அழித்தது. எஞ்சியவற்றிலிருந்து மீண்டும் பெருக்கியவையே இன்றுள்ளவை.

அண்டை விளைக்காரர் இப்போது தெளிப்பதில்லை. தேங்காய் பறிக்க ஏறுபவர் இரும்புக் கம்பியால் வண்டைக் குத்தி எடுக்கிறார். உரக்குழியைக் கிளறும் நாளில் வெண்புழுக்களுக்காகக் கோழிகள் முன்கூட்டியே வந்து நிற்கின்றன.