மிங்கை எதிர்த்த மூவரும் பம்பாய் அச்சகமும்

இந்திரஜால் காமிக்ஸ், 1964–1990

1964 மார்ச்சில் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் பம்பாயிலிருந்து இந்த இதழைத் தொடங்கியது. முதலில் வந்தவர் முகமூடி வீரர் ஃபேண்டம். பிறகு மாயவித்தைக்காரர் மாண்ட்ரேக்கும், மோங்கோ கிரகத்தின் கொடுங்கோலன் மிங்கோடு மோதும் ஃபிளாஷ் கார்டனும் சேர்ந்துகொண்டார்கள். தமிழிலும் இந்திரஜால் வந்தது.

பக்கத்தைக் கிட்டப்போய்ப் பாருங்கள். அமெரிக்க நாளிதழ்களில் அன்றாடம் சில கட்டங்களாக வந்த கதையை வெட்டி அடுக்கிப் பக்கமாக்கியிருக்கிறார்கள். ஓரத்தில் ஒருவரின் தோள் பாதியில் நிற்பது அதனால்தான். அட்டை ஓவியம் மட்டும் இங்கேயே வரைந்தது. பல அட்டைகள் ஓவியர் கோவிந்தின் கைவண்ணம். உள்ளே இருக்கும் படங்களைவிட அவை அழகு என்றே சொல்ல வேண்டும்.

ஃபிளாஷ் கார்டன் 1979-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கார்ட்டூன் தொடரானார். 1986-இல் 'டிஃபெண்டர்ஸ் ஆஃப் தி எர்த்' தொடர் மூவரையும் ஓரணியாக்கியது. கதை நடக்கும் ஆண்டு 2015, எதிரி அதே மிங். அடுத்த ஆண்டே மார்வெல் நிறுவனம் அந்தத் தொடரைக் காமிக்ஸாக்கியது. நான்கே இதழ்களில் நின்றுபோனது. இந்திரஜால் வாசகர்களுக்கோ, மூவரும் ஒரே இதழின் பெயரில் பல ஆண்டுகளாகப் பழகியவர்கள்.

1990-இல் இந்திரஜால் நின்றது. தமிழ் இதழ்கள் இன்று மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில்கூட அரிது. தாராவியிலோ செம்பூரிலோ உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.