பூச்சி மாத்திரை எப்போது?

"பிள்ளை வயிற்றில் பூச்சி இருக்கிறது, முதலில் அதற்கு மாத்திரை கொடுங்கள்." கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டுடன் குழந்தையைச் சேர்க்கும் தாய்மாரும் பாட்டிமாரும் முதல் நாளிலேயே எங்களிடம் கேட்பது இது. அவர்களது ஐயம் தவறன்று. உருண்டைப் புழு குழந்தையின் உணவில் பங்கு கொள்கிறது. கொக்கிப் புழு குடற்சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்குகிறது. ஆயினும் முதல் நாளில் நாங்கள் அம்மாத்திரையைக் கொடுப்பதில்லை.

மிகவும் மெலிந்த குழந்தைக்கு முதல் சில நாள்களில் உயிருக்கு ஆபத்தாக இருப்பவை வேறு: இரத்தத்தில் சர்க்கரை குறைதல், உடல் குளிர்ந்து போதல், நீரிழப்பு, நோய்த்தொற்று. எனவே இரவிலும் தவறாமல் சிறிது சிறிதாகப் பாலுணவு, கதகதப்பு, தொற்றுக்கான மருந்து ஆகியவற்றுக்கே முதலிடம் தருகிறோம். பல மாதங்களாக இருக்கும் புழு இன்னும் ஒரு வாரம் இருப்பதால் பெருந்தீங்கு நேராது. பசி திரும்பி, உடல் ஓரளவு தேறிய பின், ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து அல்பெண்டசோல் கொடுக்கிறோம். இரும்புச்சத்து மருந்தையும் முதல் வாரத்தில் தொடங்குவதில்லை.

ஓராண்டு நிறைவடையாத குழந்தைக்கு இம்மாத்திரை இல்லை. ஒன்று முதல் இரண்டு வயது வரை 200 மில்லிகிராம். அதற்கு மேல் 400 மில்லிகிராம். ஒரே வேளைதான். சிறு குழந்தைக்குப் பொடித்து நீரில் கலந்தே தர வேண்டும். முழு மாத்திரை தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம். சிலருக்கு வயிற்று வலியும் குமட்டலும் வரும். மலத்தில் புழு வெளிவரும். இதற்கு அஞ்ச வேண்டாம். விடாத வாந்தியோ வயிற்று வீக்கமோ கண்டால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

உங்களை வேண்டிக்கொள்பவை இரண்டு. விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கும் பழைய வழக்கத்தை இக்குழந்தைகளிடம் ஒருபோதும் கையாளாதீர்கள். நோஞ்சான் உடல் அந்த நீரிழப்பைத் தாங்காது. 2015 முதல் ஆண்டுதோறும் பிப்ரவரி 10 அன்று தேசியக் குடற்புழு நீக்க நாளையொட்டி அங்கன்வாடிகளில் மாத்திரை வழங்கப்படுகிறது. உங்கள் பிள்ளை அண்மையில் அதை உட்கொண்டிருந்தால் மறவாமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

மாத்திரை புழுவை நீக்கும். மண்ணிலுள்ள முட்டைகளை அழிக்காது. வீடு திரும்பிய பின் கழிப்பறையைப் பயன்படுத்துதல், காலுக்குச் செருப்பு, உண்ணுமுன் சோப்பிட்டுக் கை கழுவுதல், நகம் வெட்டுதல் ஆகியவையே காவல். எடையைக் கூட்டுவது மாத்திரையன்று. நீங்கள் பொறுமையுடன் ஊட்டும் ஒவ்வொரு கவளமுமே.