நெடுவழியும் எண்ணெய் மாற்றமும்

ஐக்கிய அமெரிக்காவிலே, சக்கரவீட்டை டீசல் லொறியின் பின்னே பிணைத்து நாடு சுற்றுவோர் பலர். நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சல்சுக்குச் சாலைவழி ஏறக்குறைய 2,800 மைல். சென்று மீள 5,600 மைல். பாரம் இழுக்கும் டீசல் எஞ்சினுக்கு 5,000 மைலுக்கொருமுறை எண்ணெய் மாற்றுமாறு சில கைநூல்கள் விதிக்கின்றன. ஆதலின் அவ்வேலை வழியிலேயே நேர்கின்றது. அதனை நாம் இங்கே சிறிது விளக்குவாம்.

எண்ணெய் கறுத்தல் குற்றமன்று. டீசல் எரிகையில் எழும் கரியைத் தன்னுள் ஏந்துவதும் அதன் கடமையே. எனினும் ஏந்தும் ஆற்றலுக்கு எல்லையுண்டு. பாரத்தோடு மலையேறுங்கால் வெப்பமும் கரியும் மிகும். எண்ணெய் நாளடைவிற் காக்கும் வலி குன்றும். உராயும் உறுப்புகள் தேயும்.

இனி, எங்கே மாற்றுவது? நகரத்துச் சிறு நிலையங்கள் பலவற்றில் இழுவண்டியோடு நுழைய இடமிராது. நெடுஞ்சாலையோரத்துப் பெரிய லொறி நிலையங்கள் சிலவற்றிலோ, பிணைப்பைக் கழற்றாமலே ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறலாம். ஆயினும் தம் லொறிக்குரிய வடிகட்டி அங்கே இல்லாதிருத்தல் கூடும். அதனைக் கையோடு கொண்டுசெல்லல் நன்று. 6.7 லீற்றர் கம்மின்ஸ் எஞ்சின் ஏறத்தாழ 11.4 லீற்றர் எண்ணெய் கொள்ளும். சிறு காரின் அளவு அதற்குப் போதாது. ஆகவே, புறப்படுமுன் அளவுகோலைத் தாமே பார்த்து, அடியில் ஒழுக்குண்டோவெனவும் நோக்குதல் வேண்டும்.

ஒரு மணிநேரத் தாமதத்துக்கு அஞ்சி எஞ்சினையே இழப்பது பேதைமை. பயணத்தை வகுக்கும்போதே எண்ணெய் மாற்றுமிடத்தையும் குறித்துக்கொள்பவரே கவலையின்றி வீடு திரும்புவர்.