நஞ்சராயன் குளமும் நல்லாற்றங்கரை நிலமும்

திருப்பூருக்கு வடகிழக்கே, சர்க்கார் பெரியபாளையத்தை அடுத்து விரிந்து கிடக்கும் நஞ்சராயன் குளத்தை நம் அங்கத்தினர்களில் பலர் அறிவர். முற்காலத்தில் இப்பகுதியை ஆண்ட நஞ்சராயன் என்னும் அரசன் இதனைச் செப்பனிட்டமையால் இப்பெயர் ஏற்பட்டது என்பர். 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு இக்குளத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில், ஈரநிலங்களைக் காப்பதற்கென 1971-இல் ஈரான் தேசத்து ராம்சார் நகரில் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலிலும் இது இடம்பெற்றது. பனியன் நகரத்தின் ஓரத்திலே இப்படியொரு நீர்நிலை பிழைத்திருப்பது நமக்கெல்லாம் பெருமையே.

ஆனால் காப்புக்கு உட்பட்ட பரப்பு 125.865 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 311 ஏக்கர்தான். அந்த எல்லைக் கல்லோடு சட்டத்தின் காவல் நின்றுவிடுகிறது. தண்ணீர் அங்கே தொடங்குவதில்லை. அவினாசி வட்டாரத்து மேட்டு நிலங்களில் விழும் மழை பல பள்ளங்களாகத் திரண்டு, திருமுருகன்பூண்டியைக் கடந்து வரும் நல்லாற்றின் வழியாகவே குளத்தை அடைகிறது. ஆகவே குளத்து நீர் நன்றாக இருக்க வேண்டுமாயின், குளத்திற்கு வெளியே எந்த நிலத்தைக் கெடாமல் வைத்திருக்க வேண்டும் என்பதே கேள்வி. எல்லா நிலத்தையும் வைத்திருக்க இயலாது. பணமும் இல்லை, குடியானவர்கள் பிழைக்கவும் வேண்டும்.

இதில் முதலாவதாக ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வது நல்லது. நிலத்தைக் காப்பதால் தீரும் கெடுதல் உண்டு. தீராத கெடுதலும் உண்டு. நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையின் கதையை நாம் மறக்க முடியாது. பாசனத்திற்காக எழுந்த அணை சாயக் கழிவின் தேக்கமாக மாறியது. கீழ்ப்பகுதி ஆயக்கட்டு விவசாயிகளே அந்த நீரைத் தேக்க வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. அவர்கள் நீதிமன்றம் சென்றதன் பயனாக, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவை வெளியே விடும் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. சாய நீரில் கரைந்திருக்கும் உப்பை எந்தப் புல்லும் மரமும் வடிகட்டித் தராது. ஆற்றங்கரையில் நூறு ஏக்கர் தோப்பு வைத்தாலும் உப்பு உப்பாகவே இறங்கி வரும். அதனைப் பட்டறையிலேயே நிறுத்தியாக வேண்டும். சாயமிட்ட நூலை நம்பி வாழும் நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இது கசப்பாயிருக்கலாம். எனினும் மரம் நட்டுவிட்டோம் என்று சொல்லி இந்தக் கடமையிலிருந்து எவரும் தப்ப இடமில்லை.

நிலம் செய்யக்கூடியது வேறு. மழையில் கரைந்து வரும் மண்ணோடு வயலில் இட்ட உரத்தின் பாஸ்பரச் சத்தும், தொழுவத்துக் கழிவும் சேர்ந்து வருகின்றன. அவை குளத்தில் படிந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் கொழுக்கின்றன. அவை மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு செலவாகி மீன்கள் சாகின்றன. அடர்ந்த புல்லும் புதரும் உள்ள நிலத்தின்மேல் வெள்ளம் மெல்லப் பரவி வருமாயின் மண் அங்கேயே தங்கிவிடும். உரத்தின் நைட்ரேட் சத்தையும் ஓரளவு வேர்கள் உண்டு விடுகின்றன. "பரவி வருமாயின்" என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறோம். வெள்ளம் ஒரே வாய்க்காலாகக் குவிந்தோ குழாய் வழியாகவோ வந்தால், பக்கத்தில் எத்தனை அகலப் புல்வெளி இருந்தாலும் அதைத் தொடாமலே ஓடிவிடும்.

எந்த நிலம் என்பதற்கு இனி வருவோம். குளம் என்றதும் கரையோர நிலமே எவருக்கும் நினைவில் எழும். கரைக்குக் கீழே நின்றால் குளிர்ந்த காற்று வீசுகிறது, கண்ணுக்கும் அழகாயிருக்கிறது. அங்கே பூங்கா அமைக்கலாம் என்று தோன்றும். ஆனால் கரைக்குக் கீழுள்ள நிலத்தின் நீர் குளத்திற்குள் ஒரு சொட்டும் போவதில்லை. அது கீழ்நோக்கியே வடிகிறது. அங்கே செலவிடும் காசு நீரின் தூய்மைக்கு உதவாது. காக்க வேண்டியவற்றுள் முதலாவது இதற்கு நேர் எதிர்ப்புறத்தில், நல்லாறு குளத்தில் நுழையும் முகத்துவாரத்தில் உள்ளது. ஆழமற்றுப் பரந்து, கோரையும் சம்பும் மண்டிக் கிடக்கும் அவ்விடத்தைப் "பாழ் நிலம்" என்பார்கள். வண்டல் படிவது அங்கேதான். அதனை மண் கொட்டி மேடாக்கினால் குளத்தின் வடிகட்டியையே அடைத்ததாகும்.

அடுத்தது ஆற்றின் இரு கரைகள். இதற்கு வேண்டிய நிலம் நினைப்பது போல அதிகமன்று. ஒரு பக்கம் பத்து மீட்டர், மறுபக்கம் பத்து மீட்டர் விட்டால், ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு ஹெக்டேர், அதாவது ஐந்து ஏக்கர்; பத்துக் கிலோமீட்டருக்கு ஐம்பது ஏக்கர். இதிலும் புறம்போக்கு போகப் பட்டா நிலம் எவ்வளவு என்று கணக்கிட்டால் தொகை இன்னும் சுருங்கும். அதற்கும் மேலே, சிறு பள்ளங்கள் பிறக்கும் தலைப்பிடங்கள் உள்ளன. பெரிய ஆற்றைப் பார்க்கும் நாம் இவற்றைப் பார்ப்பதில்லை. வெள்ளம் குவியாமல் பரவியிருப்பது அங்கேதான்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரம் இதே வழியில் சிந்தித்தது. கோடிக்கணக்கில் செலவாகும் வடிகட்டும் நிலையத்தைத் தவிர்க்கும்பொருட்டு, 1997-இல் கேட்ஸ்கில் மலைப்பகுதி ஊர்களோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, தன் நீர்த்தேக்கங்களுக்கு மேலுள்ள நிலங்களை வாங்கத் தொடங்கியது. நகரத்திற்கு நீர் எடுக்கும் வாய்க்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பதைக் கொண்டு நிலங்களை வரிசைப்படுத்தினர். விற்க மனமுள்ளவரிடம் மட்டுமே வாங்குவது என்பதும் அதில் ஒரு விதி. கட்டாயப்படுத்தியிருந்தால் மலைநாட்டுக் குடியானவர்கள் என்றும் பகைவர்களாகியிருப்பார்கள்.

நமக்கு விலைக்கு வாங்கவும் தேவையில்லாத ஒரு வழி நம் மாவட்டத்திலேயே உண்டு. காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களில் கொரங்காடு என்று சொல்லும் மேய்ச்சல் காடுகளை அறியாதார் யார்? கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரங்கள். ஏர் படாத மண் ஆதலால் மழையில் கரைவதில்லை. காங்கயம் மாடு அதில் வளர்கிறது; நிலத்துக்காரருக்கு வருமானமும் நிற்கவில்லை. நல்லாற்றங்கரைத் துண்டுகள் கொரங்காடாக இருக்கலாமே, பூங்காவாகத்தான் இருக்க வேண்டுமா? மாடுகளை ஆற்றுக்குள் இறக்காமல் தொட்டியில் தண்ணீர் காட்ட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

இதற்கு ஒரு தடை இருக்கிறது. அது நம் சங்கங்களின் கைக்கணக்கிலேயே இருக்கிறது. பயிர்க்கடன் ஏக்கருக்கு இன்ன பயிருக்கு இவ்வளவு என்ற அளவில் வழங்கப்படுகிறது. ஒரு குடியானவர் தம் நான்கு ஏக்கரில் அரை ஏக்கரை ஆற்றோரமாகப் புல்லுக்கு விட்டால், அவருடைய பயிர்ப்பரப்பு மூன்றரை ஏக்கராகக் குறைகிறது. கடனும் அவ்வளவுக்குக் குறைகிறது. ஊர் முழுவதற்கும் நன்மை செய்தவர் தம் வரவு செலவில் நஷ்டம் காண்கிறார். கறவை மாட்டுக் கடனையோ தீவனப் பயிர்க் கடனையோ கொண்டு அந்தக் குறையை நிரப்ப வழியுண்டா என்பதை அடுத்த பொதுச் சபைக் கூட்டத்தில் நாம் எழுப்ப வேண்டும்.

அதற்கு முன் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஐப்பசியில் முதல் பெருமழை பெய்யும் நாளில், கிராம நில அளவைப் படத்துடன் இரண்டு பேர் குடை பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். செந்நீர் எந்தக் காட்டிலிருந்து இறங்குகிறது, எந்த வரப்பை உடைக்கிறது, எந்த இடத்தில் தெளிந்து வருகிறது என்பது அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். அவற்றைப் படத்தில் குறித்து, எந்தெந்தச் சர்வே எண்களில் விழுகின்றன என்று பார்த்துக்கொண்டால், நாம் முதலில் யார் வீட்டுத் திண்ணைக்குப் போய்ப் பேச வேண்டும் என்பது விளங்கும்.